அடி பம்புச் சக்கரவர்த்தி

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் முட்டி வலி, அப்புறம் சர்க்கரை மாத்திரை, மூன்றாவதாகத் தண்ணீர் என்று பேச்சு போகும். போன மாசம் ஒரு கல்யாணத்தில் கை கழுவுகிற இடத்தில் அப்படித்தான் ஆயிற்று. குழாயை மூடாமல் போன ஒரு இளசை எல்லோரும் சேர்ந்து பிடி பிடி என்று பிடித்தீர்கள். "நாங்கெல்லாம் அடி பம்புல அடிச்சி அடிச்சி கை காச்சிப் போனவங்க, தெரியுமா?" என்று உங்களில் ஒருத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் பட்டத்தைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். நான் ஒன்பது நாள் சக்கரவர்த்தியாக இருந்தவள். அதை எப்படி வாங்கினேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம் கூட.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். சொல்கிறேன்.

எங்கள் தெரு கச்சிராயபாளையத்தில், அணைக்குப் போகிற பக்கம். அப்பா பம்பு மெக்கானிக். வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஒரு கொட்டகை, அதுதான் பட்டறை. கரும்புக் கொல்லைகளிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிற ஆயில் இன்ஜின், காயில் கருகிப்போன மோட்டார், கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டுகிற, நாக்கு அறுந்த ஃபுட்வால்வு எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும். பருத்திக்கு மருந்து அடிக்கிற பம்பும் வரும், டீக்கடைக்காரரின் பம்பு ஸ்டவ்வும் வரும், மண்ணெண்ணெய் பீப்பாயில் செருகிச் சுற்றுகிற பம்பும் வரும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறதை ஒரு வாசர் மாற்றக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நாள் கணக்காக அப்படியே விட்டுவிடுவார்கள். மாட்டு டாக்டர் ஊசியைக் கூட அப்பா பம்புக் கணக்கில்தான் சேர்ப்பார். "உலகத்துல பம்பு ரெண்டே ஜாதிதான். ஒண்ணு இழுக்கும், ஒண்ணு தள்ளும்" என்பார். கிரீஸும் டீசலும் ஈரத்தோலும் கலந்த அந்தப் பட்டறை வாசனை எனக்குச் சோறு மாதிரி. நான் ஒரே பெண். எது இழுக்கிற ஜாதி, எது தள்ளுகிற ஜாதி என்று அப்பா கேட்கக் கேட்க டக்கு டக்கென்று சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்வேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

தெரு நடுவில் பஞ்சாயத்து போட்ட பழைய இரும்பு அடி பம்பு ஒன்று இருந்தது. அதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு ராஜாங்கமே உண்டு. கையை எடுக்காமல், நிறுத்தாமல் நூறு அடி அடித்தால் ராஜா. இருநூறு அடித்தால் மகாராஜா. முந்நூறு அடித்தால் சக்கரவர்த்தி. ராஜாக்களுக்கெல்லாம் மேலே இருப்பவர்தான் சக்கரவர்த்தி என்று அஞ்சாங் கிளாஸ் சரித்திரப் பாடத்தில் வாத்தியார் சொன்னதை வைத்துப் பெரிய பிள்ளைகள் யாரோ எப்போதோ உண்டாக்கின கணக்கு. பெண் பிள்ளைகள் அடித்தாலும் ராஜாதான். ராணி என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும், ராணி என்றால் ராஜாவின் பெண்டாட்டிதானே, அவள் எங்கே அடித்தாள்?

இதில் பெரியவர்களுக்கும் லாபம். ஒருவர் அடிக்க அடிக்கப் பொம்பளைகள் குடத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். பட்டம் வாங்கினவர் எந்த வீட்டிலிருந்து வருகிறாரோ அந்த வீட்டுக்கு, வேறு ஒருவர் அதைத் தாண்டி அடிக்கும் வரை, தினமும் முதல் குடம். அதோடு ஒரு பொறுப்பும் உண்டு. அந்தப் பம்பு ராத்திரியில் தண்ணீரைக் கீழே விட்டுவிடும். காலையில் அதன் தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, உள்ளே இருக்கிற தோல் வாசர் நனைந்தால்தான் மேலே இழுக்கும். அந்தத் தண்ணீருக்கு வாய்த் தண்ணி என்று பேர். சாயங்காலம் கடைசியாக ஒரு சின்னக் குடத்தை நிரப்பி, தட்டு போட்டு மூடி, பம்பு மேடையில் வைத்துவிட்டுப் போக வேண்டியது பட்டக்காரரின் வேலை. அந்தக் குடத்தை யாரும் தொடக் கூடாது. தாகத்தில் செத்தாலும் தொடக் கூடாது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்.

நான் மகாராஜா. இருநூற்று நாற்பது அடி. முந்நூறுக்கு எத்தனையோ தடவை போய்ப் பார்த்தேன், இருநூற்று நாற்பதிலேயே தோள்பட்டை கழன்றுவிடும். எங்களுக்கு நினைவு தெரிந்து அந்தத் தெருவில் சக்கரவர்த்தியே கிடையாது. அந்த இடம் எனக்காகக் காலியாக இருக்கிறது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது இடஒதுக்கீடு போராட்ட காலம். படிப்பிலும் வேலையிலும் நமக்கு உண்டான பங்கைக் கொடு என்று எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாம் ரோட்டுக்கு வந்த வருஷம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பார்த்தீர்கள். சாலை மறியல் என்று அறிவித்த அன்று விடியும்போது கள்ளக்குறிச்சி ரோட்டில் புளிய மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. கிளை பட்டுக் கரண்ட் கம்பிகள் அறுந்து தொங்கின. பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. போலீஸ் லாரி சத்தம் கேட்டால் ஆம்பிளைகள் கரும்புக்குள் புகுந்துவிடுவார்கள்.

அதற்கு முதல் நாள்தான் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு மலைக்காரர் தன் இன்ஜின் பம்பை ஜீப்பில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் ரிப்பேருக்கு வந்திருந்தார். அப்பாவை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கூடவே பாவாடை சட்டை எடுக்க அவருடைய மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னை விட ஒரு வயசு பெரியவளாக இருக்கலாம். மறியலில் ஜீப்பும் ஓடவில்லை. இரண்டு நாள் பார்த்தார், மேலே ஆடு மாடு தவிக்கும் என்று காட்டு வழியாக நடந்தே ஏறிவிடுவதென்று கிளம்பினார். "பொம்பளப் புள்ளய இந்தக் கலாட்டால காட்டு வழியா இட்டுக்கினு போவ முடியாது தம்பி. ரோடு தொறந்ததும் ஜீப்புல வந்து கூட்டிக்கிறேன்" என்று அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

அவள் முதல் நாளே அப்பாவைச் சித்தப்பா என்றாள். அவளுடைய அப்பாவுக்குத் தம்பியென்றால் அவளுக்குச் சித்தப்பாதானே, அது சரி. ஆனால் கூடவே நீ, வா, போ என்றாள். எங்கள் வீட்டில் அப்பாவை நான் வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும், ஒரு ங்க குறைந்தாலும் அம்மா கரண்டியோடு வருவாள். அவளோ, "சித்தப்பா, நீ சோறு துன்னியா?" என்று கேட்கிறாள். அப்பா முறைப்பார் என்று காத்திருந்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னாங்க இது, மரியாதை இல்லாம" என்று அம்மா கிசுகிசுத்ததற்கு, "மலையில அப்படித்தாண்டி, அதுதான் அவங்க பாசம்" என்றார். எனக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்தது. எனக்கும் அவரை நீ என்று கூப்பிட ஆசைதான், யார் விட்டார்கள்?

மூன்றாம் நாள் இன்னும் மோசம். தெருக்கோடி வீட்டுக்காரரின் இன்ஜினை அப்பா காலையிலிருந்து பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேனில் கொஞ்சம் டீசல் இருந்தது, அது தீர்வதற்குள் கரும்புக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இன்ஜின் ஓடுகிறது, பம்பு தண்ணீரை எடுக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவள் எங்கிருந்தோ வந்தாள், கேட்காமல் கொள்ளாமல் குழாயில் காதை வைத்தாள். "சித்தப்பா, இது காத்து குடிக்குது" என்றாள். "எங்க?" என்றார் அப்பா. வளைவு இருக்கிற ஒரு இடத்தில் விரலை வைத்தாள். அப்பா அங்கே கொஞ்சம் சோப்பு நுரையைத் தடவினார். நுரை உள்ளே போயிற்று. மயிரிழை போல ஒரு விரிசல். மலையில் கரண்ட் இல்லாததால் அவர்களுக்கு எல்லாமே இன்ஜின்தான், சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகியிருக்கிறாள். அதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. அன்றைக்கு நான் பார்த்தது அப்பாவின் தலையாட்டலை மட்டும்தான். எனக்கு ஆட்டுவதை விட நீளமாக ஆட்டினார்.

அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டிருந்தது. கரண்ட் இல்லாமல் பஞ்சாயத்துத் தொட்டி இரண்டே நாளில் காலி. அணைப்பக்கம் போனால் சேறும் தண்ணீருமாகக் கொஞ்சம் மொண்டு வரலாம், வழியில் போலீஸ் வேறு. அதனால் மொத்தத் தெருவும் அடி பம்பைச் சுற்றி நின்றது. தண்ணீர் கீழே இறங்கிவிட்டதால் கைப்பிடி கல் மாதிரி கனத்தது. ராஜாக்கள் எல்லாம் ஐம்பதிலேயே விழுந்தார்கள். நான் நூற்றுச் சொச்சத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் அடிக்கட்டா?" என்று கேட்டாள் அவள்.

அவளுக்கு எங்கள் பட்டக் கணக்கெல்லாம் தெரியாது. பொம்பளைகளுக்குக் குடம் நிறைந்தால் சரி, நகர்ந்து இடம் விட்டார்கள். நான் அடிக்கிறபோது பாதி பாதியாக வேகமாக அடிப்பேன். அவள் கைப்பிடியை மேலே முழுசாக விட்டு, உடம்பு எடையைப் போட்டுக் கீழே முழுசாக இறக்கினாள். அவசரமே இல்லை. அறுபது, எழுபது என்று சின்னப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். நூறு தாண்டியதும் அப்பா பட்டறையிலிருந்து எழுந்து வந்தார். கையில் ஒரு பிடி நட்டுகள். பத்து அடிக்கு ஒரு நட்டு என்று, முடிந்துபோன நூறுக்கும் சேர்த்து, மேடைமேல் வரிசையாக வைத்தார். இருபத்து நாலாவது நட்டு வைத்தபோது, அதாவது என் கணக்கு முடிந்து போனபோது, யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. முப்பதாவது நட்டு விழுந்ததும் தெருவே கத்தியது. அவள் நிறுத்தவில்லை. கடைசியில் நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் குடம் நிறையும் வரை அடித்துவிட்டு, அப்புறம் கையை எடுத்தாள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையில் தலைப்பாகையாகக் கட்டினார். "சக்கரவர்த்திம்மா நீ, சக்கரவர்த்தி!" என்றார். அதற்கு அவள், "அப்டின்னா இன்னா சித்தப்பா?" என்று கேட்டாள்.

என்னவென்றே தெரியாதவளுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்தும் எங்கள் வீட்டுக்குத்தான் முதல் குடம், இப்போது என் பேரில் இல்லை, அவள் பேரில், அவள் எங்கள் வீட்டில்தானே இருக்கிறாள். வேலையில்லாமல் இருந்த அப்பா தானே குடத்தை எடுத்துக்கொண்டு போய், "சக்கரவர்த்தி வூட்டுக்கு வழி விடுங்க" என்று சிரித்துக்கொண்டே முன்னால் நின்று பிடித்து வருவார். எனக்கு ஒரு சொட்டும் குறையவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அதே வீடு, அதே தண்ணீர். ஆனாலும் அது அவளுடைய தண்ணீர் ஆகிவிட்டது. அப்பா அவளிடம் எத்தனை வார்த்தை பேசினார், என்னிடம் எத்தனை வார்த்தை பேசினார் என்று விரல் விட்டு எண்ணினேன். அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் பாத்திரத்தை ஒளித்து வைத்தேன். சாமைச் சோறு தின்னுகிறவள் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அவள் அதற்கெல்லாம் அழவில்லை, திருப்பி என் காதைப் பிடித்துத் திருகினாள், நன்றாக வலித்தது. வலித்ததில் ஒரு சந்தோஷம் கூட வந்தது, அப்பாவிடம் சொல்லலாமே என்று. சொன்னேன். "நீ இன்னா பண்ண?" என்று என்னைத்தான் கேட்டார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வெளிச்சம் வரத் தொடங்கிய நேரம். வாசல் தெளிக்கத் தண்ணீர் இல்லாததால் தெருவில் யாரும் எழுந்து வரவில்லை. நான் போய் வாய்த் தண்ணிக் குடத்தின் தட்டை எடுத்தேன். நிறைய இருந்தது, அவள் எப்போதும் தளும்பத் தளும்பத்தான் வைப்பாள். அதை அப்படியே சாய்த்துச் சாக்கடையில் ஊற்றினேன். குடத்தை நிமிர்த்தி வைத்து, தட்டை மூடிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். காய்ந்த பம்பை அடித்தால் தோல் கிழியும் என்பது பம்பு மெக்கானிக் மகளுக்குத் தெரியாதா? கிழியாது, அவளுக்குத் திட்டு மட்டும் விழும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

முதலில் வந்தது தெருக்கோடி வீட்டு அத்தை. தட்டைத் திறந்து பார்த்துக் கத்தினாள். ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கடி என்று வீடு வீடாகக் கேட்டாள். வீட்டில் இருக்கிற தண்ணீரை வெளியே காட்ட யாருக்கும் மனசில்லை, எல்லோரும் குடிக்கவே இல்லை என்றார்கள். ஆத்திரத்தில் அவள் காய்ந்த பம்பையே பிடித்து மாங்கு மாங்கென்று அடித்தாள். வறட் வறட் என்று இரும்பு தேய்கிற சத்தம் வீட்டுக்குள் எனக்குக் கேட்டது. யாரோ மனசு வந்து ஒரு செம்பு கொண்டு போவதற்குள், கைப்பிடி பொசுக்கென்று லேசாகிவிட்டது.

அப்பா மேல் மூடியைக் கழற்றி, கம்பியை வெளியே எடுத்தார். தோல் வாசர் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. அந்த அளவுத் தோல் கள்ளக்குறிச்சிக் கடையில்தான் கிடைக்கும். கள்ளக்குறிச்சிக்கு ரோடு இல்லை.

முந்தின சாயங்காலம் வரை இதே தெருவில் ஆம்பிளைகள் கூடி நியாயம், பங்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று காலையில் நியாயம் கேட்க அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. "மலையிலேர்ந்து வந்ததுக்கு இன்னா தெரியும் பம்பப் பத்தி? சொம்மா ஏத்தி வுட்டுட்டீங்க" என்றாள் கோடி வீட்டு அத்தை. "நான் ரொப்பித்தான் வெச்சேன்! தட்டுகூட மூடிட்டுத்தான் போனேன்!" என்று இவள் கத்தினாள். "அப்ப தண்ணி பறந்தா போச்சி?" என்று ஒருத்தர் கேட்டார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள், பம்பு விஷயத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

அப்பா என்னைப் பார்த்தார். முகத்தை இல்லை, பாவாடையை. ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு ஈரம், சாக்கடைக் கறுப்போடு. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத காலையில் என் பாவாடை மட்டும் நனைந்திருந்தது. பிறகு கையில் இருந்த கிழிந்த தோலைப் பார்த்துக்கொண்டு, "சின்னப் பொண்ணு. மறந்திருக்கும். வுடுங்க" என்றார்.

அவ்வளவுதான். மலைப் பெண் இனிப் பம்பைத் தொடக் கூடாது என்றார்கள். அவளுக்கு அடுத்தபடியாக அதிகம் அடித்தது நான். "பேசாம இனிமே மெக்கானிக் மவதான் சக்கரவர்த்தி, அதுக்குத்தான் பம்போட அருமை தெரியும்" என்று அத்தை சொல்ல, சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். முந்நூறு அடிக்காமலே எனக்குப் பட்டம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளங்கால் வரை சந்தோஷம்.

மூன்று நாள் பம்பு இல்லை. பொம்பளைகள் அணைச் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சினார்கள். மூன்றாம் நாள் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. இன்ஜின் வருவதற்கு முன்னால் மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்துத் தோல் சால், தண்ணீர் மொள்ளுகிற பெரிய பை, ஒன்று தெருவில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. அதை வாங்கி, வேப்பெண்ணெயில் ஊற வைத்து, வட்டமாக வெட்டி வாசர் செய்தார். மலைப் பெண் அன்று முழுக்கப் பட்டறைக்குள்ளேயே இருந்தாள், அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து. நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக் கேட்டேன். மறுபடியும் என்ன சிரித்துப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு.

சிரிப்புச் சத்தம் இல்லை. கத்தி தோலை அறுக்கிற சத்தம்தான் கேட்டது.

"சித்தப்பா, நான் மறக்கல" என்றாள்.

"தெரியும்" என்றார் அப்பா.

"ஒம் பொண்ணுதான் கொட்டிச்சி. பாவாடயெல்லாம் ஈரம்."

"அதுவும் தெரியும்."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

கத்தி தோலில் ஒரு வட்டம் ஓடி முடிந்தது. அப்புறம், "ரோடு தொறந்தா நீ மலைக்குப் போயிடுவம்மா. அது இந்தத் தெருவுலதான இருக்கணும்" என்றார்.

"நான் போற எடத்துல எனக்கு மூஞ்சி இல்லியா?" என்று கேட்டாள் அவள்.

கத்திச் சத்தம் நின்றுவிட்டது. நான் தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், வெயிலில் அது சுட்டது, எடுக்கத் தோன்றவில்லை. உங்களுக்கு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்போதும் எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. அப்பா அவளிடம் மட்டும்தான் உண்மையைப் பேசுகிறார் என்று பொறாமைதான் வந்தது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருக்கலாம்.

மறுநாளே மரங்களை வெட்டி ஒதுக்கி ரோட்டைத் திறந்தார்கள். கரண்ட் கம்பிகளை இழுத்துக் கட்ட இன்னும் நாள் ஆகும் என்றார்கள். மலைக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார், ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கும் தேனும் எங்களுக்காக. அவர் உட்காருவதற்குள் தெரு அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. அந்த மனுஷன் மகளிடம் எதுவும் கேட்கவில்லை. தெருவைப் பார்த்து இரண்டு கையையும் கும்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, காட்டுல வளந்த புள்ள" என்றார். அவருக்கு அப்பா வயசு இருக்கும், அல்லது கூடவே இருக்கும். அவள் ஜீப்பில் ஏறி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். போகும்போது அப்பாவிடம், "வரேங்க" என்றாள். அந்த ஒரு ங்க. நான் அத்தனை நாளாக வர வேண்டும் என்று எதிர்பார்த்த ங்க. ரிப்பேர் செய்த பம்பை ஜீப்பில் கட்டிக்கொண்டிருந்த அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அன்று சாயங்காலம் நான் சக்கரவர்த்தியாகப் பம்பு மேடையில் ஏறி நின்றேன். புதுத் தோல் நன்றாக இழுத்தது. பொம்பளைகள் குடங்களோடு வரிசை கட்டினார்கள். முதல் குடம் எங்கள் வீட்டுக் குடம், அது சட்டம். அம்மா வருவாள் என்று பார்த்தேன். அப்பாதான் குடத்தோடு வந்தார். வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

"அப்பா, முன்னாடி வாங்க. நம்ம வூடுதான் மொதல்ல" என்றேன்.

"இருக்கட்டும். எம் மொறை வரட்டும்" என்றார்.

"இன்னா மெக்கானிக்கு, மவ சக்கரவர்த்தி, நீ போயி கடைசியில நிக்கற?" என்று கோடி வீட்டு அத்தை சிரித்தாள். அவரும் ஒரு சிரிப்பு சிரித்தார், நகரவில்லை. நான் அடித்தேன். ஒவ்வொரு குடமாக நிறைந்து போயிற்று. வேறு யாராவது வந்து கையை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், மாட்டேன் என்றேன். தோள்பட்டை கழன்று விழுந்தாலும் அவருடைய குடம் வரை அடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. கடைசியில் அப்பா வந்து குடத்தை வைத்தார். பாதி நிறைந்ததும் கையைக் காட்டி, "போதும்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவருக்கு முன்னாலேயே போய் மேடையில் நின்றேன், அன்றைக்கும் அவர் கடைசிதான். அதற்கு மறுநாளும். மேடை ஏறின அந்தச் சாயங்காலத்திலிருந்து கரண்ட் வந்து தொட்டி நிறைகிற வரை நான் ஒன்பது நாள் சக்கரவர்த்தியாக இருந்தேன், ஒன்பது நாளும் என் அப்பா வரிசையில் கடைசியாகத்தான் நின்றார்.